மழையில் நின்ற டொக்டர் ஜோன்சனும் பிரசுரமாகாத ஒரு திருத்தமும்

2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 25ஆம் திகதி. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் வசிக்கும் என் தங்கையின் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். வன்னியில் யுத்தம் உச்சக்கட்டத்தை அடைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. உலகெங்கும் எம்மவர் வீடுகளில் தொலைபேசியும் கணினியும் அணையாமல் இருந்தன. எமது வீட்டிலும் அவ்வாறே. அன்று மாலை, நாள் முழுவதும் செய்திகளைப் பார்த்துச் சோர்ந்திருந்த என்னை, "மாமா, ஒரு மணித்தியாலம் வெளியில் வாருங்கோ" என்று மருமகள் அழைத்துச் சென்றாள். அவளுடைய கணவர் அங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆகவே அவர்கள் செல்வது எப்பிஸ்கோப்பல் தேவாலயத்துக்கு. அன்று சாம்பல் புதன்கிழமை. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் நாள்.

நான் சைவன். எனினும் நெற்றியில் சாம்பல் பூசும் சடங்கு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. எமது நாட்டின் கத்தோலிக்கத் தமிழர் அந்த நாளைத் 'திருநீற்றுப் புதன்' என்றும் 'விபூதிப் புதன்' என்றும் அழைப்பதை வாசகர்கள் அறிவீர்கள். குருவானவர் ஒரு பெண்மணி. அவர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை அடையாளமிட்டு, மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புபவன் என்பதை நினைவூட்டினார்.

என்னை உலுக்கியது அதன் பின்னர் வந்த மன்றாட்டு. சபையார் முழங்காலில் நின்று தமது குற்றங்களை ஒவ்வொன்றாக ஒரே குரலில் அறிக்கையிட்டனர். கர்வம், பொறாமை, பிறரைச் சுரண்டி வாழ்தல் என்று தொடர்ந்த பட்டியலில், மனிதரின் துன்பத்தைக் காணாதிருந்தமை, அநீதியையும் கொடுமையையும் கண்டும் பாராமுகமாக இருந்தமை, பிறரைப் பற்றிப் பொய்யான தீர்ப்புகளை வழங்கியமை ஆகியனவும் வந்தன. கடைசியாகச் சொன்னது என்னை நேரே நோக்கிச் சொல்லப்பட்டது போலிருந்தது. நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவனுக்கு அது ஏன் சுட்டது என்பதை இக்கட்டுரையின் இறுதியில் சொல்கின்றேன். அதற்கு முன்னர் அந்த மன்றாட்டின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். அன்றிரவு தொடங்கிய தேடல் என்னை ஒரு பழைய பத்திரிகையாளனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

செவியில் சொன்ன பாவம்

தொடக்கக் காலத் திருச்சபையில் பாவ அறிக்கை என்பது பகிரங்கமானது. கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற பாரிய குற்றங்களைச் செய்தோர் சபையிலிருந்து விலக்கப்பட்டு, நீண்ட காலம் தவம் செய்து, பின்னர் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஆறாம் நூற்றாண்டளவில் அயர்லாந்தின் துறவிகள் மத்தியில் வேறொரு வழக்கம் வளர்ந்தது. ஒருவன் இன்னொருவனிடம் தனிமையில் தன் பாவத்தைச் சொல்வான். கேட்பவர், குற்றத்துக்கு ஏற்ற தவத்தை, நோய்க்கு மருந்து எழுதும் வைத்தியரைப் போல விதிப்பார். இந்த வழக்கம் ஐரோப்பா முழுவதும் பரவியது.

1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அதனைச் சட்டமாக்கியது. பகுத்தறியும் பருவத்தை அடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் தமது குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, உயிர்ப்புக் காலத்தில் நற்கருணை பெற வேண்டும் என்பது அதன் கட்டளை. தவக்காலமும் பாவ அறிக்கையும் பிரிக்க முடியாதவாறு பிணைந்தது இவ்வாறுதான்.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை ரோமாபுரியிலிருந்து பிரிந்தபோது இந்தப் பிணைப்பும் கேள்விக்குள்ளாகியது. 1548இல் சாம்பல் பூசும் சடங்கு தடுக்கப்பட்டது. 1549இல் வெளியான முதலாவது ஆங்கில ஜெபப் புத்தகத்தைத் தொகுத்தவர் கன்ரபரிப் பேராயர் தோமஸ் கிரான்மர். அவர் தனிப்பட்ட பாவ அறிக்கையைத் தடை செய்யவில்லை. கட்டாயத்தை மாத்திரமே நீக்கினார். குருவிடம் தனியாகச் சொல்ல விரும்புபவர், பொது அறிக்கையோடு திருப்தி அடைபவரைக் குறை காணக்கூடாது. பொது அறிக்கையோடு திருப்தி அடைபவர் மற்றவரைக் குறை காணக்கூடாது என்று அந்நூல் அறிவுறுத்தியது. மத விவகாரத்தில் மனிதரை எரித்த ஒரு நூற்றாண்டில் எழுதப்பட்ட அறிவுரை இது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1552ஆம் ஆண்டின் இரண்டாவது பதிப்பில், காலை ஆராதனையின் தொடக்கத்திலேயே சபையார் அனைவரும் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கை இடம்பெற்றது. செய்த பிழைகளோடு, செய்யத் தவறியவற்றையும் அது அறிக்கையிட்டது. 1662ஆம் ஆண்டுப் பதிப்பிலும் ஒரு கதவு திறந்தே இருந்தது. தன் மனச்சாட்சியைத் தானே அமைதிப்படுத்த முடியாதவர், விவேகமுள்ள ஒரு குருவானவரை நாடி மனத்தைத் திறக்கலாம் என்றது அது. அங்கிலிக்கன் மக்களிடையே வழங்கும் ஒரு முதுமொழி இந்நிலைப்பாட்டைச் சுருக்கமாக விளக்குகின்றது: எல்லோரும் செய்யலாம், எவரும் செய்தே ஆகவேண்டுமென்றில்லை, சிலர் செய்யத்தான் வேண்டும்.

கிரான்மரின் வலக்கை

பொது அறிக்கையை ஆங்கில மக்களுக்குத் தந்த கிரான்மர், தன் சொந்த அறிக்கையைத் தீயின் முன் செய்யவேண்டி வந்தது.

1553இல் கத்தோலிக்கரான மேரி அரசியானார். கிரான்மர் சிறையிடப்பட்டார். 1555 ஒக்டோபர் 16ஆம் திகதி அவருடைய சகாக்களான லற்றிமரும் ரிட்லியும் ஒக்ஸ்போர்ட் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டனர். தனிமையும் அச்சமும் வாட்ட, முதியவரான கிரான்மர் தாம் கற்பித்த அனைத்தையும் மறுதலிக்கும் பத்திரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்திட்டார். ஆயினும் மரண தண்டனை நீக்கப்படவில்லை. 1556 மார்ச் 21, தவக்காலத்து ஒரு சனிக்கிழமை, புனித மரியாள் தேவாலயத்தில் கூட்டத்தின் முன் தமது மறுதலிப்பை உறுதிப்படுத்துமாறு அவர் நிறுத்தப்பட்டார். எவரும் எதிர்பாராத விதமாக, உயிருக்கு அஞ்சித் தன் உள்ளத்துக்கு மாறாக எழுதியதே தன் மனத்தை அதிகம் வருத்துகின்றது என்று அங்கே அவர் அறிவித்தார். எழுதிய கையே முதலில் எரிய வேண்டும் என்றார். தூணில் கட்டப்பட்டபோது வலக்கையைத் தீயில் நீட்டிப் பிடித்தார் என்று வரலாறு கூறுகின்றது.

எழுதிப் பிழைக்கும் எவனும் இச்சம்பவத்தை இலகுவில் கடந்து போய்விட முடியாது. ஆனால் நான் தேடிக்கொண்டிருந்தது வீரத்தின் கதையை அன்று. சாதாரண மனிதன், தீயும் தூணும் இல்லாத ஒரு வாழ்க்கையில், தன் பிழையோடு எப்படி வாழ்வது என்பதே என் கேள்வி. அதற்கு விடை தேடியவரே டொக்டர் சாமுவேல் ஜோன்சன்.

லில்லிபுட் நாடாளுமன்றத்தின் நிருபர்

1755இல் வெளியான ஆங்கில அகராதியின் ஆசிரியராக ஜோன்சனை உலகம் அறியும். அதற்கு முன்னர் அவர் கூலிக்கு எழுதிய ஒரு பத்திரிகைத் தொழிலாளி என்பதைப் பலர் அறியார். 1737இல் கையில் காசில்லாமல் லண்டனுக்கு வந்த அவருக்கு, எட்வேர்ட் கேவ் என்பவர் நடத்திய 'ஜென்டில்மன்ஸ் மகசீன்' வேலை கொடுத்தது.

நாடாளுமன்ற விவாதங்களைப் பிரசுரிப்பது அக்காலத்தில் குற்றம். 1738இல் பொதுச்சபை அதனைக் கண்டிப்பாகத் தடை செய்து தீர்மானம் நிறைவேற்றியது. கேவ் ஓர் உபாயம் கண்டார். சுவிப்டின் கதையில் வரும் குள்ளர் நாடான லில்லிபுட்டின் மன்றத்தில் நிகழ்ந்த விவாதங்கள் என்ற போர்வையில், பெயர்களைச் சிதைத்து வெளியிட்டார். 1741 முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இவற்றைத் தனியொருவராக எழுதியவர் ஜோன்சன்.

அவர் நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் ஒரேயொரு தடவைதான் இருந்திருக்கின்றார். கேவின் ஆட்கள், யார் பேசினார், எந்தப் பக்கம் பேசினார், எந்த வரிசையில் பேசினார் என்ற குறிப்புகளை வாயிற்காவலரின் தயவால் கொண்டு வருவர். மிகுதியெல்லாம் ஜோன்சனின் கற்பனை. பல்லாண்டுகளின் பின்னர் ஒரு விருந்தில், பிற் என்ற பெருந்தலைவரின் பழைய உரையொன்றை, டெமொஸ்தனிஸின் உரைகளினும் மேலானது என்று ஓர் அறிஞர் புகழ்ந்தார். அதனை ஒரு மாடத்து அறையிலிருந்து எழுதியவன் தானே என்று ஜோன்சன் கூறியபோது விருந்தினர் திகைத்துப் போயினர்.

இது வேடிக்கையான கதையாக முடிந்திருக்கலாம். ஜோன்சனுக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை. தாம் புனைந்தவற்றை மக்கள் உண்மையான உரைகள் என்று நம்புகின்றனர் எனத் தெரிந்ததும் அவர் அவ்வேலையை நிறுத்தினார். பின்னர் ஸ்மொலட் இங்கிலாந்தின் வரலாற்றை எழுதியபோது, அவ்விவாதங்களை நம்பவேண்டாம் என்று எச்சரித்தார். 1784 டிசெம்பரில், மரணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர், அச்சகரான ஜோன் நிக்கல்ஸ் அவரைக் காணச் சென்றார். தாம் எழுதியவற்றுள் அப்போது தம் மனச்சாட்சியை உறுத்துவது அந்த விவாதங்கள் மட்டுமே என்று ஜோன்சன் அவரிடம் சொன்னார். எழுதியபோது உலகை ஏமாற்றுவதாகத் தாம் நினைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய செய்திக்காக மரணப் படுக்கையில் வருந்திய இன்னொரு பத்திரிகையாளனை நான் அறியேன்.

உட்டொக்சிற்றர் சந்தை

அவருடைய இன்னொரு பாவம் இன்னும் சிறியது, இன்னும் ஆழமானது.

ஜோன்சனின் தந்தை மைக்கேல், லிச்பீல்ட் நகரின் புத்தக வியாபாரி. அயலூர்ச் சந்தைகளிலும் கடை விரித்துப் புத்தகம் விற்பவர். வறுமை காரணமாக ஒக்ஸ்போர்ட் படிப்பை இடைநடுவில் விட்டு வீடு திரும்பிய மகனிடம், ஒரு நாள் உட்டொக்சிற்றர் சந்தைக்குத் தம்மோடு வரும்படி தந்தை கேட்டார். மகன் மறுத்துவிட்டான். கர்வமே காரணம் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். 1731 டிசெம்பரில் தந்தை இறந்துபோனார்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின்னர், இங்கிலாந்து முழுவதும் புகழ்பெற்ற முதியவராக ஜோன்சன் உட்டொக்சிற்றருக்குச் சென்றார். தந்தையின் கடை இருந்த அதே இடத்தில், தொப்பியைக் கழற்றிவிட்டு, கொட்டும் மழையில் நெடுநேரம் நின்றார். லிச்பீல்டின் ஓர் இளம் குருவானவரிடம் அவரே இதனைச் சொன்னார். அவரிடமிருந்து பெற்று பொஸ்வெல் தமது வாழ்க்கை வரலாற்று நூலிற் பதிவு செய்தார். 1838இல் லிச்பீல்டில் எழுப்பப்பட்ட ஜோன்சனின் சிலைப் பீடத்தில் இந்தக் காட்சி செதுக்கப்பட்டுள்ளது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. மன்னிக்கவேண்டிய தந்தை அங்கே இல்லை. தவம் விதித்த குருவும் இல்லை. அங்கிலிக்கன் திருச்சபையில் அக்காலத்தில் தனிப்பட்ட பாவ அறிக்கை ஏட்டில் இருந்ததேயன்றி நடைமுறையில் அருகிவிட்டது. ஆகவே ஜோன்சன் தமக்குத் தாமே நீதிபதியாகவும் தவம் செய்பவனாகவும் ஆகவேண்டியிருந்தது. அது இலகுவான வேலையன்று.

எவ்வளவு கடினம் என்பதை அவருடைய ஜெபக் குறிப்பேடுகள் காட்டுகின்றன. அவர் இறந்த மறு ஆண்டு, 1785இல், அவை நூலாக வெளியாயின. ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று உபவாசமிருந்து, ஸ்ட்ரான்ட் வீதியிலுள்ள புனித கிளமென்ட் டேன்ஸ் தேவாலயத்துக்குச் செல்வார். அந்நாட்களில் கடந்த ஆண்டைக் கணக்குப் பார்ப்பார். அதிகாலையில் எழுவேன், சோம்பலை விடுவேன், வேதத்தை ஒழுங்காக வாசிப்பேன் என்று தீர்மானங்கள் எழுதுவார். மறு ஆண்டு அதே தீர்மானங்கள் மீண்டும் வரும். கடந்த ஆண்டு ஒன்றும் நிறைவேறவில்லை என்ற வருத்தத்தோடு வரும். 1752 மார்ச்சில் இறந்த மனைவியின் நினைவும் அந்தக் காலத்தில்தான் திரும்பத் திரும்ப வரும்.

1775ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று, அவருக்கு வயது 65. ஆண்டாண்டாக மீறப்பட்ட தீர்மானங்களைத் திரும்பிப் பார்த்து, இன்னும் ஏன் தீர்மானம் செய்கின்றேன் என்று தன்னையே கேட்கின்றார். திருந்துவது அவசியம், நம்பிக்கை இழப்பதோ குற்றம், ஆகவே மீண்டும் முயல்கின்றேன் என்பது அவர் தமக்குத் தாமே கொடுத்த விடையின் சாரம்.

தன்னை மன்னித்தல் என்று இன்று நாம் கூறுவதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் கண்டதில்லை. தன் பிழையைச் சிறிதாக்கிக் காட்டுவது தன்னை மன்னித்தல் அன்று. அதனை மறப்பதும் அன்று. பிழையை உள்ளபடி ஏற்றுக்கொண்டு, ஆனால் அந்தப் பிழையே நான் என்று முடிவு கட்டாமல் இருத்தல். கிறிஸ்தவப் போதகர்கள் யூதாசையும் பேதுருவையும் ஒப்பிடுவர். இருவரும் குருவைக் கைவிட்டவர்கள். ஒருவன் தன்மீது தானே தீர்ப்பளித்து உயிரை மாய்த்துக்கொண்டான். மற்றவன் அழுதான், அழுதபின் திரும்பி வந்தான்.

அமெரிக்காவில் திரும்பி வந்த கதவு

ஜோன்சன் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னர், 1784 நவம்பர் 14ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் சாமுவேல் சீபரி என்ற அமெரிக்கர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அமெரிக்கா சுதந்திரம் பெற்றுவிட்டதால், ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய அவரால் முடியவில்லை. அப்பிரமாணம் இன்றி இங்கிலாந்து ஆயர்களால் அவரைத் திருநிலைப்படுத்தவும் முடியவில்லை. ஆகவே ஸ்கொட்லாந்து ஆயர்கள் கைகொடுத்தனர். மன்னரைத் தலைவராகக் கொண்ட 'இங்கிலாந்துத் திருச்சபை' என்ற பெயரும் புதிய குடியரசுக்குப் பொருந்தவில்லை. ஆயர்களைக் கொண்ட திருச்சபை என்ற பொருளில், கிரேக்கச் சொல்லின் வழியே 'எப்பிஸ்கோப்பல்' என்ற பெயர் நிலைத்தது.

1789இல் பிலடெல்பியாவில் அவர்கள் ஏற்றுக்கொண்ட ஜெபப் புத்தகம், நோயாளரைச் சந்திக்கும் முறைமையில் இருந்த தனிப்பட்ட பாவவிமோசன வாசகத்தை விலக்கிவிட்டது. ரோமாபுரியின் சாயல் எதுவும் வேண்டாம் என்ற மனநிலை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் இயக்கத்தினர் பாவ அறிக்கையை மீண்டும் வலியுறுத்தினர். 1843இல் ஈராண்டு பிரசங்கத் தடைக்கு உள்ளான பூசி என்ற பேராசிரியர், தடை நீங்கி 1846இல் மேடையேறியபோது தேர்ந்தெடுத்த பொருளே பாவவிமோசனம். அமெரிக்காவில் வட கரோலினா ஆயர் லீவை சிலிமன் ஐவ்ஸ் இதே விடயத்தில் தம் மறைமாவட்டத்தோடு முரண்பட்டு, 1852இல் கத்தோலிக்கராக மாறினார். 1877இல், குருமாருக்காக எழுதப்பட்ட பாவ அறிக்கைக் கைநூல் ஒன்று பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. குடும்பப் பெண்களிடம் குருமார் அந்தரங்கக் கேள்விகள் கேட்பதா என்ற கோபமே அதற்குக் காரணம். அந்தக் கோபத்தை நாம் இன்று முற்றாக ஒதுக்கிவிட முடியாது. பாவத்தைக் கேட்கும் செவிக்கு அதிகாரம் உண்டு. அதிகாரம் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகலாம்.

1979ஆம் ஆண்டின் அமெரிக்க ஜெபப் புத்தகம் இவை அனைத்தையும் கடந்து, தவறுணர்ந்தவரை ஒப்புரவாக்கும் முறைமை ஒன்றைச் சேர்த்தது. நான் அன்று கேட்ட சாம்பல் புதன் மன்றாட்டும் அதே நூலில் உள்ளதே. அம்முறைமையில் மூன்று அம்சங்கள் என்னைக் கவர்ந்தன.

முதலாவது, பாவவிமோசனம் கூறுமுன்னர், மனம் வருந்தியதன் அடையாளமாக ஒரு சங்கீதத்தை ஓதவோ, ஏதேனும் ஒரு செயலைச் செய்யவோ குருவானவர் பணிக்கலாம். வாயாற் சொல்வதோடு விடயம் முடிவதில்லை. இரண்டாவது, அங்குள்ள இரு வடிவங்களில் ஒன்றில், உனக்குத் தீங்கிழைத்தோரை நீ மன்னிக்கின்றாயா என்ற கேள்வி கேட்கப்படுகின்றது. மூன்றாவது, மற்றைய வடிவத்தின் முடிவில் குருவானவர், தானும் பாவியே, தனக்காக ஜெபிக்குமாறு, வந்தவரிடமே வேண்டிக்கொள்கின்றார். கேட்டவரும் சொன்னவரும் ஒரே மண்ணில் நிற்கின்றனர். மனிதன் தன்னைத் தானே மன்னிக்கும் வலிமை பெறுவது, தன்னைப் போன்ற இன்னொருவர் தன் பிழையை முழுமையாகக் கேட்டும் எழுந்து போகவில்லை என்று காணும்போதுதான் போலும்.

தனிமனிதர் மாத்திரமல்ல, நிறுவனமும் அறிக்கையிட வேண்டும் என்பதையும் அத்திருச்சபை காலம் தாழ்த்தியேனும் உணர்ந்தது. 2006ஆம் ஆண்டுப் பொதுப்பேரவை, அடிமை முறைக்கு உடந்தையாக இருந்தமைக்கு மன்னிப்புக் கோரியது. 2008 ஒக்டோபர் 4ஆம் திகதி பிலடெல்பியாவில், அடிமையாகப் பிறந்து அத்திருச்சபையின் முதலாவது கறுப்பினக் குருவானவரான ஆப்சலொம் ஜோன்ஸ் நிறுவிய புனித தோமையார் தேவாலயத்தில், தலைமை ஆயர் கதரின் ஜெபர்ட்ஸ் ஷோரியின் தலைமையில் மனவருத்த ஆராதனை நிகழ்ந்தது. அடிமைகளாக வாழ்ந்து இறந்தோர் எவரும் அதைக் கேட்க அங்கில்லை. உட்டொக்சிற்றர் சந்தையில் மைக்கேல் ஜோன்சனும் இருக்கவில்லை.

தந்திப் படிவத்தில் ஒரு வரி

இனி என் விடயத்துக்கு வருகின்றேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் இரவுப் பணியில் நான் பொறுப்பாக இருந்தேன். வடக்கில் நிகழ்ந்த ஒரு துப்பாக்கிச் சூடு பற்றி அதிகாரபூர்வ அறிக்கை வந்தது. இறந்த இளைஞர் பெயருடன் 'ஆயுததாரி' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. 'என அறிக்கை தெரிவிக்கின்றது' என்று மூன்று சொற்களைச் சேர்த்திருக்கலாம். தலைப்பில் இடம் போதவில்லை. நான் சேர்க்கவில்லை.

பத்து நாட்களின் பின்னர் அவருடைய தந்தை இரவுத் தபால் ரயிலில் வந்து எமது காரியாலயத்தின் வாசல் வாங்கில் அமர்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். மகன் வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில் இறந்தான் என்பதற்கு ஆசிரியரின் கடிதமும் கொண்டுவந்திருந்தார். ஒரு தந்திப் படிவத்தின் பின்புறத்தில் திருத்தத்தைத் தாமே எழுதியிருந்தார்.

"தம்பி, சொல் எண்ணிக் காசு வாங்கின மனுசன் நான். நீங்கள் ஒரு வரி போட்டாலும் காணும்" என்றார்.

"ஆசிரியரோடு கதைச்சிட்டுச் சொல்லுறன் ஐயா" என்றேன்.

நான் ஆசிரியரோடு கதைக்கவில்லை. அதிகாரபூர்வ அறிக்கையை மறுத்து எழுதினால் வரக்கூடிய தொல்லையை எண்ணினேன். எமது பிரதேச நிருபர் அடுத்த வாரமே தொலைபேசியில், அந்தப் பையன் மாணவன்தான் என்று உறுதிப்படுத்தினார். அப்போதும் நான் வாளாவிருந்தேன். அந்த முதியவர் மூன்று தடவைகள் வந்தார். மூன்றாம் தடவை நான் பின்வாசலால் வெளியேறினேன். பின்னர் அவர் வரவில்லை. சில ஆண்டுகளில் காலமானார் என்று கேள்விப்பட்டேன்.

ஜோன்சன் தாம் ஏமாற்றுவதை அறியாமல் எழுதினார்; அறிந்ததும் நிறுத்தினார். நான் அறிந்த பின்னும் மௌனம் சாதித்தேன். இந்த வேறுபாட்டை எந்தக் காரணம் காட்டியும் நான் மறைக்க விரும்பவில்லை. தணிக்கை, அச்சம், காலச் சூழல் என்று பல காலம் எனக்கே சொல்லி வந்தேன். அவை பொய்யல்ல. ஆனால் பின்வாசலால் வெளியேறியவை என் கால்கள்.

அந்தச் சாம்பல் புதன் இரவு, ஆராதனை முடிந்து, நான் அந்தக் குருவானவரிடம் இதனைச் சொன்னேன். நான் கிறிஸ்தவன் அல்லன் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கு ஆறுதல் மொழிகள் எதையும் சொல்லவில்லை. "அந்தத் திருத்தத்தை இன்னும் பிரசுரிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் எடுத்தன. அந்தப் பத்திரிகையில் இன்று எனக்கு இடமில்லை. எனக்கிருக்கும் பத்திரிகை இந்தப் பக்கம்தான். தந்திப் படிவம் தொலைந்துவிட்டது. அதிலிருந்த வரி மறக்கவில்லை. குடும்பத்தாரின் அனுமதியின்றி அந்த இளைஞரின் பெயரை இங்கே எழுதும் உரிமை எனக்கில்லை. அவருடைய சகோதரி ரொரன்ரோவில் வாழ்வதாக அறிகின்றேன். அவருக்குத் தனியே கடிதம் எழுதியுள்ளேன். அவர் மன்னிப்பாரோ, மறுப்பாரோ, அது அவருடைய உரிமை. அவர் சம்மதித்தால் பெயரும் திகதியும் பின்னர் இதே பக்கத்தில் இடம்பெறும்.

இப்போதைக்கு, அந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் கேட்ட ஒரு வரி:

திருத்தம்: எமது செய்தியில் ஆயுததாரி எனக் குறிப்பிடப்பட்ட இளைஞர் ஆயுததாரி அல்லர், மாணவர்.